ஆறிய பிறகே கட்ட வேண்டும்! – ஜப்பானியர் காரில் கொண்டுபோகும் கட்டுச்சோறு

ஆகஸ்டு மாதம் நடுவில் ஜப்பான் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். இறந்துபோன முன்னோர்கள் அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை. "ஓபோன்" என்று அதற்குப் பெயர். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் வேலை பார்ப்பவர்கள் மனைவி மக்களோடு ஊருக்குப் போய், கல்லறையைக் கழுவி, வணங்கிவிட்டுத் திரும்புவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூட்டை கட்டும் வெளிமாநிலத் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரெயிலில் இடம் கிடைக்காதவர்களும் குழந்தை குட்டிகளோடு போகிறவர்களும் காரில் போகிறார்கள். நெடுஞ்சாலையில் 30, 40 கிலோ மீட்டர் நீளத்துக்கு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிடுவது உண்டு. 3 மணி நேரப் பயணம் 7 மணி நேரம் ஆகிவிடும். வெயிலோ 35 டிகிரியைத் தாண்டும். பின் இருக்கையில் இருக்கும் குழந்தை "பசிக்கிறது" என்று அழும். அடுத்த ஓட்டல் எப்போது வரும்? யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் கை கொடுப்பது வீட்டில் கட்டிக் கொண்டுவந்த சோறுதான்.

ஜப்பான் சாப்பாடு என்றதும் பச்சை மீன்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பச்சை மீனை வெயில் காலத்தில் காரில் எடுத்துப் போகிறவர் யாரும் இல்லை. வழிச்சாப்பாடு என்பது அங்கே தனி வகை. அதற்குத் தனி விதிகள் உண்டு. செய்வதற்கு எளிது; விதியை மறந்தால் வினை!

கைக்கு அடக்கமான சோறு

வழிச்சாப்பாட்டில் முதல் இடம் "ஓனிகிரி"க்கு. வேறொன்றும் இல்லை, சோற்று உருண்டை. சோற்றை உப்புத் தொட்டுப் பிடித்து, முக்கோணமாகவோ உருண்டையாகவோ செய்து, "நோரி" என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளைச் சுற்றுவார்கள். நடுவில் ஊறுகாயோ, உப்பு மீனோ, கொம்புப் பாசியோ ஒரு துண்டு இருக்கும். ஓர் உருண்டை ஏறக்குறைய 100 கிராம். ஒரு கையில் பிடித்துத் தின்றுவிடலாம். தட்டு வேண்டாம், குச்சி வேண்டாம், குழம்பு வேண்டாம். காருக்கு இதைவிடத் தோதான சாப்பாடு ஏது?

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 1987-ம் ஆண்டு இஷிகாவா மாநிலத்தில், இப்போது நகனோத்தோ என்று அழைக்கப்படும் ஊரில், நிலத்தைத் தோண்டியபோது கருகிப்போன சோற்றுக் கட்டி ஒன்று கிடைத்தது. அதன் வயது சுமார் 2 ஆயிரம் ஆண்டுகள் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறினார்கள். போர் வீரர்களும், வயலில் வேலை செய்பவர்களும், மலை ஏறுபவர்களும் காலங்காலமாக இதைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள்.

ரெயில் வந்தபோதும் இதுதான் முதலில் ரெயில் ஏறியது. 1885-ம் ஆண்டு உட்சுனோமியா ரெயில் நிலையத்தில் 2 சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் உறையில் கட்டி 5 சென்னுக்கு விற்றார்களாம். ஜப்பானின் முதல் ரெயில் நிலையச் சாப்பாடு அதுதான் என்று சொல்வார்கள்.

அரிசியின் குணம்

நம் வீட்டுப் பொன்னி அரிசிச் சோற்றில் இப்படி உருண்டை பிடித்தால் நிற்காது, உதிர்ந்துவிடும். ஜப்பான் அரிசி குட்டையானது. வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. சோற்றை உதிரியாக வைப்பது ஒரு வகை. ஜப்பான் அரிசியில் அந்த வகை குறைவு. அதனால்தான் ஆறிய பிறகும் அது விறைப்பதில்லை. பல மணி நேரம் மெத்தென்று இருக்கிறது.

ஆனால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கதை மாறிவிடும். 0 முதல் 5 டிகிரி வரை உள்ள குளிரில் எந்தச் சோறும் சீக்கிரம் விறைத்துப் போகும். சோற்று உருண்டையைக் கடையில் விற்கிறவர்கள் அதை 20 டிகிரி அளவில் வைத்து லாரியில் அனுப்புவது இதனால்தான். பாலும் தயிரும் போகும் குளிர்ந்த லாரியில் அதை ஏற்றுவதில்லை.

புளிப்பும் உப்பும் இலையும்

சோறு கெடாமல் இருக்க ஜப்பானியர்கள் கண்ட வழி என்ன? நம் பாட்டிமார்கள் கண்ட அதே வழிதான். புளிப்பு, உப்பு, இலை!

"உமே" என்று ஒரு காய். ஜூன் மாதம் பறித்து, எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை உப்புப் போட்டு ஊறவைப்பார்கள். மழைக் காலம் முடிந்து வெயில் வந்ததும் 3 நாள் காயவைப்பார்கள். இதுவே "உமேபோஷி". நம் ஊர் உப்பு நாரத்தங்காயைப் போலச் சுருங்கி, புளிப்பிலும் உப்பிலும் நாக்கைச் சுண்டி இழுக்கும். பழைய முறையில் போட்டது பல ஆண்டுகள் கெடாது. வக்கயாமா மாநிலத்தின் மினாபே ஊர் இதற்குப் பேர்போனது.

உமேபோஷி ஒன்று நடுவில் இருந்தால் உருண்டை முழுவதும் கெடாது என்று பழைய நம்பிக்கை. அது பாதி உண்மை. புளிப்பு தொடுகிற இடத்தில் மட்டும்தான் கிருமியைத் தடுக்கும். நடுவில் இருக்கும் காய், ஓரத்தில் இருக்கும் சோற்றைக் காப்பாற்றாது. அதனால் காயை நறுக்கிச் சோறு முழுவதும் கலந்து பிடிப்பதே நல்லது. நம் புளியோதரையில் ஒவ்வொரு பருக்கையிலும் புளிக்காய்ச்சல் ஏறியிருப்பது போல!

இன்னொன்று. இப்போது கடைகளில் தேன் கலந்த, உப்புக் குறைந்த உமேபோஷி நிறைய விற்கிறது. ருசிக்கு அது நல்லது. வழிப்பயணத்துக்கு அது உதவாது. அதையே குளிரில்தான் வைக்க வேண்டும்!

சோற்றில் புளிக்காடி கலப்பது அடுத்த முறை. வறுத்த சோயாத் தயிர்க்கட்டியைப் பை போலத் திறந்து, இனிப்புக் கரைசலில் வேகவைத்து, அதற்குள் புளிக்காடிச் சோற்றை அடைத்தால் "இனாரி சூஷி". குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. நாரா மாநிலத்துக்காரர்கள் புளிக்காடிச் சோற்றின் மேல் உப்பிட்ட மீன் துண்டை வைத்து, "காக்கி" என்ற பழ மரத்தின் இலையில் மடிப்பார்கள். தொயாமாக்காரர்கள் மூங்கில் இலை விரித்த வட்டமான மரப்பெட்டியில் அழுத்தி வைப்பார்கள். கடற்கரையிலிருந்து தொலைவில் இருந்த மலை ஊர்களுக்கு மீன் போய்ச் சேர்ந்ததே உப்பின் தயவில்தான்.

550 பேருக்கு வந்த வினை

இவ்வளவு அனுபவம் உள்ள நாட்டிலும் ஒரு முறை பெரிய தவறு நடந்தது.

2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். வடக்கே ஆவோமோரி மாநிலத்தில் உள்ள ஹச்சினோஹே நகரத்திலிருந்து, பழமையான ஒரு நிறுவனத்தின் சாப்பாட்டுப் பெட்டிகள் நாடு முழுவதும் கடைகளுக்குப் போயின. வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. பல மாநிலங்களில் சேர்த்து 550 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நிறுவனம் தொழில் நடத்தத் தடை விதிக்கப்பட்டது.

சுகாதார அதிகாரிகள் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. சோற்றை வெளியே இருந்து வாங்கியிருந்தார்கள். அது இருக்க வேண்டியதைவிட அதிகச் சூட்டோடு வந்து சேர்ந்தது. சரியாக ஆறாத சோற்றில் கிருமி பெருகிவிட்டது.

சூடாக இருந்தால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். அங்கேதான் ஆபத்து! அரிசியில் இயற்கையாகவே ஒரு வகைக் கிருமியின் வித்து ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கிற பானையிலும் அது சாவதில்லை. கொதிக்கும் சூட்டில் தூங்கும். நல்ல குளிரிலும் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வெதுவெதுப்பில் விழித்துக்கொண்டு பெருகும். இன்னொரு கிருமி நம் கைவிரலில் உள்ள கீறலிலும் மூக்கிலும் இருப்பது. வெறும் கையால் சோற்றைப் பிடிக்கும்போது அதுவும் சேர்ந்துகொள்கிறது. இவை இரண்டும் விஷத்தைக் கக்கிவிட்டால், மறுபடி சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது.

எனவே ஜப்பானில் இன்று தாய்மார்களுக்குச் சொல்லப்படும் விதிகள் இவை:

சோறு வெந்ததும் அகலமான தட்டில் பரப்பி, விசிறி ஆற்ற வேண்டும். வெறும் கையால் பிடிக்காமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வைத்துப் பிடிக்க வேண்டும். ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூட வேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நீர் கோத்துக்கொள்ளும். முட்டை, மீன், இறைச்சி எதுவானாலும் நடுப்பகுதி வரை வெந்திருக்க வேண்டும். வெயில் காலமானால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பொட்டலத்தின் மேல் வைக்க வேண்டும். சோறு கொஞ்சம் விறைக்கும். பரவாயில்லை, வயிறு பிழைக்கும். நிறுத்தி வைத்த காருக்குள் பொட்டலத்தை விட்டுவிட்டு இறங்கக் கூடாது. மூடிய காருக்குள் வெயில் நேரத்தில் அடுப்புப் போலச் சூடு ஏறும்.

இந்த விதிகளுக்குப் பணச் செலவு இல்லை. அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரெயிலை விட்டுச் சாலைக்கு வந்த பானை

வழிச்சாப்பாடு சூடாகவே வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பிறந்தது ஒரு மண்பானை.

குன்மா மாநிலத்தில் யோகோகவா என்று ஒரு சிறிய ரெயில் நிலையம். அதைத் தாண்டினால் உசுய் கணவாய். அங்கே ரெயில் பாதை 15 அடி ஓடினால் 1 அடி ஏறும். ஜப்பான் தேசிய ரெயில்வேயில் அவ்வளவு செங்குத்தான ஏற்றம் வேறு இல்லை. எந்த வண்டியும் யோகோகவாவில் நின்று, கூடுதலாக 2 என்ஜின்களை மாட்டிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். அந்தச் சில நிமிட நேரம்தான் அங்கே சாப்பாடு விற்றவர்களின் வாழ்வு.

1885-ம் ஆண்டிலிருந்து அங்கே சாப்பாடு விற்றது "ஓகினோயா" என்ற கடை. வியாபாரம் நலிந்தபோது, கடையை நடத்திய அம்மையார் ரெயில் பெட்டி பெட்டியாக ஏறி, "உங்களுக்கு எப்படிப்பட்ட சாப்பாடு வேண்டும்?" என்று பயணிகளையே கேட்டாராம். "சூடாக, வீட்டுச் சாப்பாடு போல வேண்டும்" என்றார்கள். 1958-ம் ஆண்டு, மாஷிகோ ஊர்க் குயவர்கள் செய்த சின்னப் பானையில் சோறும், கோழியும், காளானும், மூங்கில் குருத்தும், காடை முட்டையும், கஷ்கொட்டையும் வைத்து விற்றார்கள். மண்பானை சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. நாடு முழுவதும் பெயர் பரவியது.

1997-ம் ஆண்டு நாகனோ நகருக்குப் புல்லட் ரெயில் வந்தது. மலைப்பாதையில் ரெயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. என்ஜின் மாட்ட வேண்டிய வேலையும் இல்லை. நிற்கிற வண்டியும் இல்லை. கடை என்ன ஆகியிருக்க வேண்டும்?

மூடவில்லை! ரெயில் இருக்கும்போதே, 1962-ம் ஆண்டு, அவர்கள் 18-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் கார்க்காரர்களுக்காக ஓர் உணவு விடுதி திறந்திருந்தார்கள். பிறகு விரைவுச்சாலையில் வந்த ஓய்வு நிலையத்திலும் பானை விற்பனைக்கு வந்தது. ரெயில் பயணிகள் வாங்கிய அதே பானையை இன்று காரில் போகிறவர்கள் வாங்குகிறார்கள். சாப்பிட்டு முடித்த பானையை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு ஆழாக்கு அரிசி வடிக்கிறவர்களும் உண்டு.

பானைக்கு அடுத்து வந்தது சுண்ணாம்பு. சில சாப்பாட்டுப் பெட்டிகளின் அடியில் சுட்ட சுண்ணாம்பும் ஒரு பை தண்ணீரும் இருக்கும். கயிற்றை இழுத்தால் பை கிழிந்து தண்ணீர் சுண்ணாம்பில் பட்டுக் கொதிக்கும். சில நிமிடத்தில் சாப்பாடு சுடச்சுட ஆவி பறக்கும். ரெயிலில் விற்ற இதையும் காரில் போகிறவர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

ரெயில் வராத நிலையங்கள்

ஜப்பானின் முதல் விரைவுச்சாலை 1963-ம் ஆண்டு திறக்கப்பட்டது. விரைவுச்சாலையில் ஓய்வு நிலையங்கள் வந்தன. சாதாரண நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ரெயிலுக்கு நிலையம் இருப்பது போலச் சாலைக்கும் நிலையம் இருக்கக் கூடாதா என்று கேள்வி எழுந்தது. 1993-ம் ஆண்டு 103 இடங்களில் "மிச்சி நோ எகி" தொடங்கியது. "சாலை நிலையம்" என்று பொருள். இன்று 1,200-க்கு மேல் இருக்கின்றன.

வண்டி நிறுத்துவதற்கும் கழிப்பறைக்கும் 24 மணி நேரமும் காசு இல்லை. பக்கத்து ஊர் விவசாயிகள் காய்கறியைத் தங்கள் பெயர் எழுதி அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த ஊர் அரிசியில் பிடித்த சோற்று உருண்டையும் கிடைக்கும்.

பெரிய மாறுதலைக் கொண்டுவந்தவை இரவு பகல் திறந்திருக்கும் சிறு கடைகள். 1978-ம் ஆண்டு செவன் இலெவன் கடைகளில் ஒரு புது உறை வந்தது. சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். தின்னும்போது அதை உருவினால் பாசித் தாள் அப்பளம் போல மொறுமொறுப்பாகவே இருக்கும். வீட்டில் கட்டிக் கொண்டுவராதவர்களுக்கு அதுவே கட்டுச்சோறு ஆயிற்று. வீட்டில் கட்டுகிறவர்களும் இப்போது அந்தத் தந்திரத்தைப் பின்பற்றி, பாசித் தாளைத் தனியே எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது சுற்றிக்கொள்கிறார்கள்.

பனியில் சிக்கிய இரண்டு நாள்

வெயிலில் சோறு கெடும். குளிரில் சோறு கல்லாகும். 1972-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், உசுய் கணவாய்க்கு மேலே உள்ள கருய்சாவாவில், ஒரு மலை விடுதியில் ஆயுதம் ஏந்திய தீவிரவாதிகள் புகுந்துகொண்டார்கள். உறைபனியில் காவல் நின்ற போலீசாரின் சாப்பாட்டுப் பெட்டிகள் விறைத்துப் போயின. வெந்நீர் ஊற்றிய கோப்பை நூடுல்ஸைத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். முந்தைய ஆண்டில்தான் அது கடைக்கு வந்திருந்தது. டெலிவிஷனில் அந்தக் காட்சியைப் பார்த்த நாடே அதை வாங்கத் தொடங்கியது. ஒரு பிளாஸ்க் வெந்நீரும் நாலு கோப்பை நூடுல்ஸும் குளிர்காலக் காரில் இன்றும் இடம் பிடிக்கின்றன.

2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கன் எட்சு விரைவுச்சாலையில் கடும்பனி கொட்டியது. சுமார் 2,100 வாகனங்கள் சிக்கிக்கொண்டன. சாலை சீராக 2 நாளுக்கு மேல் ஆயிற்று. வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தவர்களுக்கு மீட்புப் படையினர் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையில் ஒரு பொட்டலம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு காத்திருந்தார்கள்.

இதற்கென்றே ஓர் உணவு உண்டு. வெந்த சோற்றை உலர்த்திப் பையில் அடைத்தது. வெந்நீர் ஊற்றினால் 15 நிமிடத்திலும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் 1 மணி நேரத்திலும் சோறு தயார். 5 ஆண்டு கெடாது. பூகம்பத்துக்காக வீட்டில் வைத்திருப்பதில் இரண்டு பையை எடுத்துக் காரில் போட்டுக்கொள்கிறார்கள்.

சைவர்கள் கவனிக்க!

வேலைக்காகவும் சுற்றுலாவாகவும் ஜப்பான் போகும் தமிழர்கள் இப்போது அதிகம். சைவ உணவுக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஜப்பான் சமையலில் சாறு என்றால் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கியதுதான். இனாரி சூஷியின் பை அந்தச் சாற்றில் வெந்திருக்கலாம். மிசோ சூப்பிலும் அது இருக்கும். சிலவகை உமேபோஷியில்கூட மீன் சீவல் கலந்திருப்பார்கள். "கட்சுவோ" என்ற சொல் இருந்தால் மீன் என்று அர்த்தம்.

கவலை வேண்டாம். உப்பு மட்டும் தொட்டுப் பிடித்த உருண்டை, மீன் சேராத உமேபோஷி, ஊதா நிற ஷிசோ இலைப் பொடி, வறுத்த எள், கொம்புப் பாசி – இவற்றை வைத்து வாங்கிய அரிசியில் தாங்களே பிடித்துக்கொள்ளலாம். குடிக்க வாற்கோதுமை வறுத்துப் போட்ட தேநீர் நல்லது, வெயிலுக்கு இதம்.

பயணப் பையில் கடைசியாக ஒரு பொருள் இருக்க வேண்டும். குப்பைக்கு ஒரு காலிப் பை! ஜப்பான் தெருவில் குப்பைத் தொட்டியைக் காண்பது அரிது. வீட்டில் கட்டிக் கொண்டுவந்ததன் குப்பையை வீட்டுக்கே எடுத்துப் போவது அங்கே வழக்கம்.

உருண்டை பிடிப்பதற்கு அதிகக் கைத்திறன் தேவையில்லை. பத்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். பொறுமைதான் தேவை. கிளம்பும் அவசரத்தில் சூட்டோடு மூடிவிடாமல், சோறு ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை. ஓபோனுக்கு ஊர் போகும் ஜப்பானியத் தாய்க்கும், பண்டிகைக்கு ஊர் போகும் நம் வீட்டுத் தாய்க்கும் இந்த விதி ஒன்றே. எத்தனை மணி நேரம் சாலையில் நின்றாலும், ஊர் போய்ச் சேரும்போது குழந்தைகள் சிரித்த முகத்தோடு தாத்தா பாட்டியிடம் ஓட வேண்டும் அல்லவா?